பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: எந்த பிராண்டை நம்பலாம்?

பழைய பிக்கப் வாங்கப் போகும் நண்பர்களோடு துணைக்குப் போய், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பது எனக்குப் பழகிப்போன வேலை. போகும் வழியில் அவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எந்த பிராண்ட் நம்பகமானது?

டொயோட்டா. இதோடு பேச்சை முடித்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு அதுதான் பதில், பெரும்பாலும் தவறாகவும் போகாது. ஆனால் அந்த ஒரு சொல்லை மட்டும் நம்பிப் போனால், சேஸிஸ் (வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம்) துருவேறி ஓட்டையான டொயோட்டாவை அதிக விலைக்கு வாங்கிவிட்டு, பக்கத்திலேயே நின்ற நல்ல ஃபோர்டைக் கவனிக்காமல் வந்துவிடுவீர்கள். பிராண்ட் என்பது ஒரு குடும்பம் மாதிரி. ஒரே வீட்டில் பொறுப்பான அண்ணனும் இருப்பான், ஊதாரித் தம்பியும் இருப்பான். பிக்கப்பில் நம் கையில் வருவது அண்ணனா தம்பியா என்பதை எஞ்சின், கியர்பாக்ஸ், தயாரித்த ஆண்டு ஆகிய மூன்றும் சேர்ந்து சொல்லிவிடும். அதற்கும் மேலாக, முன்பு ஓட்டியவர் அதை எப்படி வைத்திருந்தார் என்பது. கீழே உள்ள பதில்கள் எல்லாமே இந்தக் கணக்கில்தான் போகும்.

டொயோட்டா கெடவே கெடாது என்கிறார்களே?

எஞ்சினைப் பொறுத்தவரை அந்தப் பெயர் சும்மா வரவில்லை. 2005 முதல் 2015 வரையிலான டகோமா பிக்கப்பில் வந்த 4.0 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர்) எஞ்சின், எண்ணெய் மட்டும் ஒழுங்காக மாற்றினால் சலிக்காமல் ஓடும். ஆனால் டகோமாவின் சேஸிஸ்தான் பெரிய தலைவலி. 1995 முதல் 2000 வரை வந்த டகோமாக்களில் சேஸிஸுக்குத் துருத் தடுப்புப் பூச்சு சரியாக இல்லாமல் இரும்பு உள்ளிருந்தே அரித்துப் போனது. 2008-இல் டொயோட்டா அந்த வண்டிகளில் மோசமானவற்றைச் சந்தை மதிப்பைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. பிறகும் பிரச்சினை ஓயவில்லை. 2005–2010 டகோமா, 2007–2008 டுன்ட்ரா பிக்கப், 2005–2008 சிகோயா எஸ்யூவி ஆகியவற்றின் சேஸிஸ் துருவுக்காக 2016-இல் அமெரிக்காவில் 340 கோடி டாலர் வரை மதிப்புள்ள சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது.

இதில் வாங்குபவருக்கு ஒரு நல்ல செய்தியும் ஒளிந்திருக்கிறது. சேஸிஸ் புதிதாக மாற்றப்பட்ட பழைய டகோமா கிடைத்தால், அதே ஆண்டின் மற்ற வண்டியைவிட அது பல மடங்கு மேல். ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள்.

டொயோட்டாவின் இன்னொரு பிக்கப்பான ஹைலக்ஸ் பக்கம் வந்தால் கதை வேறு. 2005–2015 தலைமுறையின் 3.0 லிட்டர் டீசலில் இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் சீல் கசியத் தொடங்கினால், எரிந்த வாயு எஞ்சினுக்குள்ளே இறங்கி எண்ணெயைக் கரியாக்கும். அந்தக் கரி எண்ணெயை உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். கடைசியில் எண்ணெய் கிடைக்காமல் எஞ்சினே போகும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் சில சீல்களோடு முடிகிற வேலை அது. அடுத்து வந்த 2.8 லிட்டரில் எஞ்சின் பரவாயில்லை, புகை வடிகட்டிதான் பிரச்சினை. வண்டி நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது அந்த வடிகட்டி தன்னைச் சரியாகச் சுத்தம் செய்துகொள்ளவில்லை. பின்னால் வெள்ளைப் புகையாகக் கிளம்பியது. ஆஸ்திரேலியாவில் 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற 2.6 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் தொடர்பாக வழக்கு நடந்து, 2022-இல் கூட்டாட்சி நீதிமன்றம் வாடிக்கையாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

புதிய டுன்ட்ராவும் தப்பவில்லை. 2022, 2023 மாடல்களில் வந்த 3.4 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சினுக்குள் தயாரிப்பின்போது கடைந்த உலோகத் துகள்கள் தங்கிவிட்டன என்று 2024-இல் ஏறத்தாழ 1,02,000 வண்டிகளைச் சரிசெய்வதற்காக நிறுவனமே திரும்ப அழைத்தது (ரீகால்). அந்த ஆண்டுகளின் டுன்ட்ராவைவிட, அதற்கு முந்தைய 5.7 லிட்டர் வி8 டுன்ட்ராவைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். பெட்ரோலைக் குடிக்கும், அது வேறு விஷயம்.

ஃபோர்டு எஃப்-150 வாங்கலாமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

எல்லோரும் சொல்வது உண்மைதான். ஒவ்வொருவரும் வேறு வேறு எஃப்-150 பற்றிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

2004 முதல் 2010 வரை வந்த 5.4 லிட்டர், சிலிண்டருக்கு மூன்று வால்வு கொண்ட டிரைட்டன் எஞ்சினைத் தவிர்த்துவிடுங்கள். அதன் ஸ்பார்க் பிளக் இரண்டு துண்டாகச் செய்யப்பட்டது. கரி படிந்து இறுகிப் போனால் கழற்றும்போது பாதி கையில் வரும், பாதி உள்ளேயே நிற்கும். 2008 வாக்கில்தான் பிளக் வடிவத்தை மாற்றினார்கள். அதோடு, சூடானபின் நின்றபடி ஓடும்போது டீசல் வண்டி மாதிரி கடகடவென்று சத்தம் வந்தால் கேம் ஃபேசரும் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பாகம்) டைமிங் செயினும் (வால்வுகளை எஞ்சினோடு இணைத்து ஓட்டும் சங்கிலி) தேய்ந்துவிட்டன என்று அர்த்தம்.

2011-க்குப் பிறகு வந்த 5.0 லிட்டர் வி8-ஐ ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கோடு பார்த்தால், என்னைக் கேட்டால் பழைய எஃப்-150-களில் அதுதான் தேர்வு. ஒரே ஒரு எச்சரிக்கை: அந்த கியர்பாக்ஸின் வேக உணரி பிழையாகச் செய்தி அனுப்பி, ஓடிக்கொண்டிருக்கும்போதே முதல் கியருக்கு விழும் கோளாறு இருந்தது. 2011–2013 வண்டிகள் அதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. அந்த வேலை முடிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 2018 வாக்கில் வந்த 5.0-களில் எண்ணெய் குடிக்கும் புகார் உண்டு.

3.5 இகோபூஸ்ட் டர்போ இழுப்பதில் கெட்டிக்காரன். முதல் தலைமுறையில் டைமிங் செயின் நீளும். 2017-க்குப் பின் வந்ததில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் இரண்டு மூன்று வினாடி கேம் ஃபேசர் கதறும். அதே 2017-இல் பத்து கியர் ஆட்டோமேட்டிக்கும் வந்தது. அதை ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து வடிவமைத்தன. ஃபோர்டு வண்டிகளில் கியர் மாறும்போது முதுகில் குத்துவது போல் இடிக்கிறது என்ற புகார் அதிகம். ஓட்டிப் பார்க்கும்போது மெதுவாக ஊர்ந்து, நின்று, மறுபடி கிளம்பிப் பாருங்கள். அங்கேதான் வெளிப்படும்.

எஃப்-150-ஐவிடப் பெரிய ஃபோர்டான சூப்பர் டியூட்டி டீசல் என்றால் இன்னும் கவனம். அதில் வந்த 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இன்றும் மரியாதை. அதற்கு அடுத்து வந்த 6.0-இல் ஆயில் கூலர் அடைத்துக்கொள்ளும். அதனால் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) போய்ச் சேராமல் இஜிஆர் கூலர் (எரிந்த வாயுவைக் குளிர்விக்கும் பாகம்) வெடிக்கும். முடிவில் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைப்பகுதியின் சீல்) போகும். இந்த வரிசை முழுவதையும் முன்பு வைத்திருந்தவர் சரிசெய்து, ரசீதோடு காட்டினால் யோசிக்கலாம். இல்லையென்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

செவ்ரொலே சில்வராடோவுக்கும் ஜிஎம்சி சியராவுக்கும் என்ன வித்தியாசம்?

முகப்பும் உள்ளலங்காரமும். இரண்டையும் செய்வது ஜெனரல் மோட்டார்ஸ்தான். நம்பகத்தன்மையைப் பேசும்போது இரண்டையும் ஒரே வண்டியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

1999 முதல் 2006 வரையிலான 4.8, 5.3, 6.0 லிட்டர் வி8-கள் எளிமையானவை, உழைப்பாளிகள். அந்த வண்டிகளில் எஞ்சினை விட பிரேக் குழாய்கள்தான் முதலில் துருவேறி ஒழுகும். 2007 முதல், எரிபொருள் மிச்சம் பிடிக்க எட்டு சிலிண்டரில் நான்கை அணைத்துவைக்கும் ஏற்பாடு பரவலாக வந்தது. அதற்காக வைத்த விசேஷ லிஃப்டர்கள் (வால்வைத் தூக்கும் சிறு பாகங்கள்) சிக்கிக்கொண்டால், அவற்றை இயக்கும் கேம் ஷாஃப்ட்டையும் சுரண்டிவிடும். டிக் டிக் என்று ஒரு பக்கமாகச் சத்தம் கேட்டால் பேரம் பேச வேண்டாம், கிளம்பிவிடுங்கள். 2015–2019 வாக்கில் வந்த எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கில் வண்டி மிதமான வேகத்தில் நடுங்கும். சாலையில் கரடு இருப்பது போல் தோன்றும். பல வண்டிகளில் எண்ணெயை வேறு வகைக்கு மாற்றியதும் நின்றுவிட்டது.

6.2 லிட்டர் வி8 பற்றிக் கேட்டால்: 2021–2024 வண்டிகளில் கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராடு குறைபாட்டுக்காக 2025 ஏப்ரலில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. கிட்டத்தட்ட புதுசு என்ற ஆசையில் விழுகிறவர்கள் இதை நினைவில் வைக்கவும்.

ராம் பிக்கப்பில் கம்மின்ஸ் எஞ்சின் இருந்தால் போதுமா?

கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர் டீசல் எஞ்சின் சாகாது. அதைச் சுற்றி இருப்பவை சாகும். பழைய டாட்ஜ் ராமில் எஞ்சின் கொடுக்கும் முறுக்குவிசையை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தாங்காது. முன்பக்க ஸ்டீயரிங் மூட்டுகள் தளர்ந்துவிடும். பின் சக்கர வளைவில் துரு தின்றிருக்கும். 1998-க்குப் பின் 2002 வரை வந்த இருபத்து நான்கு வால்வு எஞ்சினில் டீசல் ஊசிப் பம்ப் பலவீனம். தொட்டியிலிருந்து டீசலை அனுப்பும் சின்னப் பம்ப் சோர்ந்துபோனால் விலை உயர்ந்த இந்தப் பெரிய பம்ப்பையும் கூடவே அழைத்துப் போகும். அதற்கு முந்தைய பன்னிரண்டு வால்வு எஞ்சினில் எல்லாமே இயந்திரம், மின்னணு கிடையாது. அதைத்தான் தேடி அலைகிறார்கள்.

பெட்ரோல் 5.7 ஹெமியில் குளிரில் கிளப்பியதும் டிக் சத்தம் கேட்டு, சூடானதும் அடங்கினால், பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் போல்ட் முறிந்திருக்கும். அது சிறிய வேலை. சூடான பின்னும் அடங்காவிட்டால் லிஃப்டர், கேம் ஷாஃப்ட். அது பெரிய வேலை. 2013 முதல் ராம் 1500-இல் வந்த எட்டு கியர் ஆட்டோமேட்டிக் நல்ல சரக்கு.

நிசான் மலிவாகக் கிடைக்கிறது, எடுக்கலாமா?

ஃபிரான்டியர் 4.0 வி6 எஞ்சினில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் 2005–2010 வண்டிகளில் ரேடியேட்டருக்குள்ளேயே கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் இருந்தது. அது உள்ளே வெடித்தால் கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் போய்விடும். எண்ணெயும் கூலன்டும் கலந்து ரோஜா நிறப் பால் போல ஆகியிருந்தால் கியர்பாக்ஸ் முடிந்தது. ரேடியேட்டரை முன்கூட்டியே மாற்றிய வண்டி என்றால் தைரியமாக எடுக்கலாம். அதே காலத்து நிசான் நவாரா பிக்கப்பில் சேஸிஸ் நடுவே துருப்பிடித்து, வண்டி இரண்டாக மடிந்த சம்பவங்கள் பிரிட்டனில் பெரிய பேச்சானது. உப்பு தூவும் சாலைகளில் ஓடிய நவாரா என்றால் எனக்கு வேண்டாம்.

ஐசுசு, மிட்சுபிஷி, மஸ்டா இவற்றையெல்லாம் யாரும் பேசுவதில்லையே?

பேசவேண்டியவை இவைதான். ஐசுசு டி-மேக்ஸின் 3.0 லிட்டர் டீசல், லாரி செய்கிறவர்கள் செய்த எஞ்சின். டைமிங் செயின், நிதானமான சக்தி, அலட்டல் இல்லை. ஹைலக்ஸுக்குக் கொடுக்கும் பெயர்ப் பணத்தைக் கொடுக்க மனமில்லாதவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

மஸ்டா என்று வரும்போதுதான் பிராண்ட் என்ற பேச்சே ஆட்டம் காணும். 2006 முதல் 2020 வரை வந்த பிடி-50, ஃபோர்டு ரேஞ்சரின் உடன்பிறப்பு. 2020-இல் அறிமுகமான பிடி-50, ஐசுசு டி-மேக்ஸின் உடன்பிறப்பு. பெயர் ஒன்று, வண்டி வேறு. இது போல இன்னும் உண்டு: மெர்சிடிஸ் எக்ஸ்-கிளாஸ் அடிப்படையில் நிசான் நவாரா, ஃபியட் ஃபுல்பேக் என்பது மிட்சுபிஷி எல்200, சுசுகி இக்வேட்டர் என்பது ஃபிரான்டியர், இரண்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் அமரோக் என்பது ரேஞ்சர். அதிகம் பேசப்படாத பெயரில் நிற்கும் அதே வண்டி பல சமயம் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

ரேஞ்சரின் 3.2 லிட்டர் ஐந்து சிலிண்டர் டீசல் வாங்கினால் ஒன்றை மட்டும் மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள். எண்ணெயை வடித்துவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. நீண்ட நேரம் காலியாக விட்டால் ஆயில் பம்ப் மறுபடி எண்ணெயை இழுக்காது. கிளப்பியதும் எஞ்சின் காய்ந்து போகும்.

ஹோண்டா ரிட்ஜ்லைன் உண்மையான பிக்கப்பா?

கார் மாதிரி உடலும் சேஸிஸும் ஒன்றாக இருப்பதால் சிலர் கேலி செய்வார்கள். கனமாக இழுக்காதவர்களுக்கு அருமையான வண்டி. சுமார் 1,60,000 கி.மீ. வாக்கில் டைமிங் பெல்ட் மாற்றியிருக்க வேண்டும். மாற்றிய ரசீதைக் கேளுங்கள்.

நம்பகத்தன்மைப் பட்டியல்கள் வெளியிடுகிறார்களே, அவற்றைப் பார்த்தால் போதாதா?

பாருங்கள், ஆனால் என்ன கேட்டார்கள் என்று பார்த்துவிட்டு நம்புங்கள். ஜே.டி. பவர் நடத்தும் ஆய்வு, மூன்று ஆண்டு பழைய வண்டியை முதலில் வாங்கியவரிடமே கேட்டு, 100 வண்டிக்கு எத்தனை பிரச்சினை என்று எண்ணுகிறது. தொடுதிரை கைப்பேசியோடு இணையவில்லை என்பதும் அதில் ஒரு பிரச்சினை, கியர்பாக்ஸ் போனதும் ஒரு பிரச்சினை. நீங்கள் வாங்கப் போவதோ பன்னிரண்டு வயது வண்டி. அந்த வயதில் தொடுதிரை யாருக்குக் கவலை? கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் கோளாறின் கனத்துக்கு ஏற்ப எடைபோடுவதால் அது கொஞ்சம் பயன்படும். அதிலும் மொத்த பிராண்ட் வரிசையை விட்டுவிட்டு, மாடல், ஆண்டு வாரியாக உள்ள அட்டவணைக்குப் போங்கள். ஒரு பிராண்ட் பட்டியலில் கீழே இருப்பதற்கு அதன் மின்சார கார் காரணமாக இருக்கலாம். பிக்கப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தால் வாங்கக் கூடாது?

ஓடிய தூரத்தை விட எப்படி ஓடியது என்பதுதான் முக்கியம். நெடுஞ்சாலையில் 2,50,000 கி.மீ. போன வண்டி, வேலை நடக்கும் இடத்தில் நாள் முழுவதும் எஞ்சினை அணைக்காமல் நின்ற 1,20,000 கி.மீ. வண்டியைவிட நன்றாக இருக்கும். பல பிக்கப்புகளில் எஞ்சின் ஓடிய மொத்த மணி நேரத்தை மீட்டர் பலகையிலேயே பார்க்கலாம். தூரத்தை மணி நேரத்தால் வகுங்கள். மணிக்கு 50, 60 கி.மீ. வந்தால் சாலையில் வாழ்ந்த வண்டி. 20 வந்தால் நின்றே கிழவனான வண்டி. நின்றபடி ஓடும் ஒரு மணி நேரத்தைத் தோராயமாக 40, 50 கி.மீ. ஓட்டத்துக்குச் சமமாக வைப்பது வழக்கம்.

டீசலா, பெட்ரோலா?

வாரம் தவறாமல் கனமாக இழுப்பவருக்கு டீசல். கடைக்கும் வீட்டுக்கும் இரண்டு கி.மீ. போய் வருபவருக்குப் பெட்ரோல். குறுகிய ஓட்டத்தில் புகை வடிகட்டி சூடாகவே ஆகாது, அடைத்துக்கொள்ளும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது என்ன செய்வது?

எஞ்சினைக் கிளப்பாமல் வையுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் முதல் வேலை, எஞ்சின் மூடியில் கைவைத்துப் பார்ப்பது. ஒருமுறை கைவைத்துப் பார்த்தும் கோட்டைவிட்டேன். எஞ்சின் இதமாகச் சூடாக இருந்தது, ஏதோ நகர்த்தி நிறுத்தியிருப்பார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலை என் வீட்டில் கிளப்பியபோது பாத்திரக் கடையில் யானை புகுந்த சத்தம். பிராண்டின் பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது.

அப்புறம் ஒரு சுத்தியலும் டார்ச்சும் எடுத்துப் போங்கள். பின் சக்கரத்துக்கு மேலும் முன்னுமாகச் சேஸிஸைத் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டாலோ துரு உதிர்ந்தாலோ வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. அடியில் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் பலமாகத் தட்டுங்கள். நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு எடுத்துப் பாருங்கள். வருடக்கணக்கில் தொடாமல் விட்டதில் பலருக்கு அது மாட்டிக்கொண்டிருக்கும். பின் ஸ்பிரிங் பிளேட்டுகள் தட்டையாகியிருந்தால் மிதமிஞ்சிச் சுமை ஏற்றிய வண்டி.

கையடக்கக் கோளாறு வாசிப்பான் ஒன்றைச் செருகிப் பாருங்கள். கோளாறு எதுவும் இல்லை என்று காட்டுவதோடு, உள்சோதனைகள் எல்லாம் இன்னும் முடியவில்லை என்றும் காட்டினால், யாரோ சற்று முன்புதான் எச்சரிக்கை விளக்கை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

திரும்ப அழைக்கப்பட்ட வேலைகள் முடிந்தனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எழுத்தும் எண்ணுமாக 17 குறிகள் கொண்ட வண்டியின் அடையாள எண்ணை (VIN) நிறுவனத்தின் தளத்திலோ நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் தளத்திலோ போட்டுப் பாருங்கள். இதை எளிதாக எண்ண வேண்டாம். 2006 ஃபோர்டு ரேஞ்சர் சிலவற்றில் தகாத்தா நிறுவனத்தின் ஏர்பேக் வெடித்து உயிர்ப்பலி ஆனதால், மாற்றும் வரை ஓட்டவே வேண்டாம் என்று 2018-இல் எச்சரித்தார்கள்.

கையில் இருக்கும் பணத்துக்குப் பழைய டகோமாவும் வருகிறது, அதைவிட ஐந்து வயது குறைந்த ஃபோர்டும் வருகிறது. எதை எடுப்பது?

சேஸிஸ் சுத்தமாக இருந்து, அடுத்த பத்து வருடம் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் டகோமா. விற்கும்போதும் பணம் திரும்பும். நான்கைந்து வருடம் ஓட்டிவிட்டு மாற்றுவீர்கள் என்றால், 5.0 வி8, ஆறு கியர், சர்வீஸ் ரசீதுகள் உள்ள ஃபோர்டு. டொயோட்டா என்பதற்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை அந்தக் குறுகிய காலத்தில் நம்பகத்தன்மையாகத் திரும்ப வாங்க முடியாது.

வண்டி பிடித்துவிட்டது, ஆனால் ரசீது எதுவும் இல்லை என்கிறார்.

சரி, ரசீது இல்லாவிட்டால் எதையும் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள். எஞ்சின் எண்ணெய், கியர்பாக்ஸ் எண்ணெய், கூலன்ட், முன் பின் டிஃபரென்ஷியல் எண்ணெய், பெல்ட், பிரேக் திரவம் எல்லாவற்றுக்கும் ஆகும் செலவை உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டு, அதை விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள். ஒப்புக்கொள்ளவில்லையா, விட்டுவிடுங்கள். அடுத்த வாரம் அதே மாடல் இன்னொன்று விற்பனைக்கு வரும்.